எஸ்தர் அக்கா வளர்த்த செல்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, லோயர் கேம்ப் மின் நிலைய அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. மதுரை ஆய்வகத்தில் எஸ்தர் அக்காவோடு வேலை பார்க்கும் ரம்யா பேசினார். "அக்கா, எஸ்தர் மேடம் காலையில தவறிட்டாக. ஹார்ட் அட்டாக். போடிக்குக் கொண்டுபோறாக." அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கோம்பைக்குப் போய் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறினேன்.

எஸ்தர் கனகமணி போடியில் ஓர் இரும்புக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மூளைக் கட்டிகளை ஆராய்ந்தவர். ஒரு செல்லிடம் "வளர்" என்று சொல்வது எது, கட்டியாகிப்போன செல் அந்தச் சொல்லை ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதைத்தான் அவர் கடைசிவரை தேடினார். எனக்கு அவர் உறவினர் அல்லர். என் கணவரின் தலைக்குள் இருந்த கட்டியால் அறிமுகமானவர்.

என் கணவர் முத்துவேலுக்குக் கோம்பையில் திராட்சைத் தோட்டம். கவாத்து நேரத்தில் ஒரு நாள் கத்தரிக்கோலைக் கேட்க வந்தவர், "அந்த... வெட்டுறது" என்று கையால் காட்டினார். பெயர் வரவில்லை. அடுத்த வாரம் என் பெயரும் வரவில்லை. தேனியில் ஸ்கேன் எடுத்தோம். மதுரையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய நாள் மாலை, கையில் ஒரு படிவத்தோடு வார்டுக்கு வந்தவர் எஸ்தர். நான் எழுந்து, "டாக்டர்" என்றேன். "நான் ஊசி போடுற டாக்டர் இல்லம்மா. எடுக்குற கட்டியில கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் குடுப்பீகளான்னு கேக்க வந்தேன். குடுக்கலைன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்றார்.

என் கணவர் படுத்தபடியே, "அத வச்சு என்ன செய்வீக?" என்று கேட்டார்.

"வளப்போம். எது சொல்லி அது வளருதுன்னு பாப்போம்."

"நாங்க திராட்சைக் கொத்த மருந்துல முக்குறோம்ல, காய் பருக்கட்டும்னு? அது மாதிரியா?"

எஸ்தர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கிட்டத்தட்ட. உடம்புலயே அப்படி ஒரு சரக்கு இருக்கு, வளர்ச்சிக் காரணின்னு. செல்லுக்கு வெளிப்பக்கம் அத வாங்கிக்க ஒரு வாசல் இருக்கும். சரக்கு வந்து ஒட்டுனா, உள்ள சேதி போகும், செல் ரெண்டாப் பிரியும். சரக்கு போயிருச்சுன்னா சேதியும் நின்னுரும். காயம் ஆறுறது அப்படித்தான். ஆனா கட்டியில இந்த வாசல் ஒண்ணுக்கு நூறா முளைச்சிருக்கும். சிலதுல வாசல் ஒடைஞ்சு, சரக்கே வராம சேதி மட்டும் ஓயாமப் போய்க்கிட்டு இருக்கும்."

"அப்ப மருந்து இல்லாமலே பருக்குது" என்றார் என் கணவர். படிவத்தில் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். "எடுத்துக்கங்க. எனக்கு அதால என்ன பிரயோசனம்?"

அறுவைச் சிகிச்சை முடிந்து பரிசோதித்தபோது, அவருடைய கட்டியில் வாசல் உடைந்துதான் இருந்தது. அதை அறிந்ததும் நான் எஸ்தரைத் தேடிப் போனேன். அந்த வாசலை அடைக்கும் மாத்திரை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுவதாக என் கொழுந்தன் எங்கேயோ படித்திருந்தார். தோட்டத்தை விற்றாவது வாங்குவோம் என்று நின்றார். எஸ்தர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "மூளைக்குன்னு ஒரு காவல் இருக்கும்மா. அதத் தாண்டி அந்த மாத்திரை வேணுங்குற அளவு உள்ள போகாது. காவலே இல்லாத கண்ணாடித் தட்டுல அவரு கட்டியோட செல்ல வளத்து, அந்த மாத்திரையப் போட்டும் பாத்தேன். நாலு நாள் அடங்குது. அப்புறம் வேற வாசல் வழியா சேதிய வாங்கிக்கிட்டு வளருது. தோட்டத்த விக்காதீக."

அன்று அவர்மீது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். கதிர்வீச்சும் வழக்கமான மாத்திரையும் கொடுத்தார்கள். என் கணவர் பதினான்கு மாதம் இருந்தார். தோட்டமும் இருந்தது. என் மகள் இன்று படிப்பது அந்தத் தோட்டத்தின் வருமானத்தில்தான்.

அவர் இறந்து ஆறு மாதம் கழித்து எஸ்தர் போனில் பேசினார். கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்னும் வளர்கின்றன, அதை நாங்கள் அறிந்திருக்க வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "எம் மகன் அங்கன உசுரோட இருக்கானா?"

கொழுந்தன் கொதித்தார். உடனே அழிக்கச் சொல்லுங்கள் என்றார். அந்த ஞாயிறு எஸ்தரே கோம்பைக்கு வந்தார். அழிப்பதற்கான படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். "நீங்க சொன்னா நாளைக்கே அழிச்சிருவேன். கேள்வி கேக்க மாட்டேன்" என்று கொழுந்தனிடம் கொடுத்தார். பிறகு மாமியாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, அது உங்க மகன் இல்ல. உங்க மகனக் கொன்னது."

"அதப் போயி எதுக்குத்தா சோறு போட்டு வளக்குற?"

"எப்படிக் கொல்றதுன்னு படிக்கத்தான்."

மாமியார் "நான் பாக்கணும்" என்றார்.

மறுவாரம் மதுரைக்குப் போனோம். எஸ்தர் அவருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, நுண்நோக்கியின் உயரத்துக்கு நாற்காலியை ஏற்றிக் கொடுத்தார். மாமியார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். நட்சத்திரம்போல் கால் நீட்டிய, நிறமில்லாத சின்னப் புள்ளிகள். வேறொன்றும் இல்லை.

"இம்புட்டுதானா?" என்றார் மாமியார். "இதத் தெனம் கொல்றியா?"

"தெனமும். சிலது செத்துருது. சிலது பொழச்சுக்கிருது. எப்படிப் பொழைக்குதுன்னு எழுதி வைக்கிறோம்."

"நல்லாக் கொல்லு" என்று சொல்லி எழுந்தார் மாமியார். கூட வந்திருந்த கொழுந்தன், கையெழுத்துப் போடாத அந்த அழிப்புப் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் யாரும் அதைக் கேட்கவில்லை.

எஸ்தர் பெரிய மருந்து எதையும் கண்டுபிடித்துவிட்டுப் போகவில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. போன மாதம் பேசியபோது, "ரெண்டு வாசல ஒண்ணா அடைச்சா இன்னும் கொஞ்ச நாள் அடங்குது. அவ்வளவுதான்" என்றார். குரலில் சலிப்பு இல்லை. அவர் சொன்ன "அவ்வளவுதான்" பொய்யில்லாத சொல் என்பதை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

போடி தேவாலயத்தின் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் மறுநாள் பகலில் அடக்கம் நடந்தது. ஆய்வகத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தனர். மண் போட்டு முடித்ததும் எஸ்தரின் அண்ணன் அவர்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ரம்யா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே. சாயங்காலத்துக்குள்ள செல்லுக்கு ஊட்டநீர் மாத்தணும். ஒரு நாள் தவறுனாலும் மேடம் ஏசுவாக" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆறு பேரும் மதுரைப் பஸ்ஸில் ஏறினார்கள்.

போய் வாருங்கள், அக்கா. ரம்யாவும் மற்றவர்களும் நேரத்துக்கு ஆய்வகம் போய், ஊட்டநீரை மாற்றிவிட்டார்கள்.