தூதருக்குத் தலைக்கட்டு இல்லை

புவனகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில், இளமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், "விசா ஆபீசுல பெரிய ஆளு" என்பார்கள். பாவம், இருபத்திரண்டு வருஷமாக அவளும் விளக்கிப் பார்த்துவிட்டாள். சிதம்பரத்தில் படித்து, வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகி, வளைகுடா தூதரகங்களில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டி, இப்போது ஆப்பிரிக்க நாடொன்றில் இந்தியத் தூதர். கொடி கட்டிய காரில் போய் அந்நாட்டு அதிபரிடம் நியமனக் கடிதம் கொடுத்தபோது, பட்டாளம் வரிசையாக நின்று மரியாதை செய்தது. இந்த நாட்டு ஜனங்கள் அத்தனை பேருக்கும் அங்கே அவள்தான் ஆள்.

ஊரிலோ அவள் வீட்டுக்கே ஆள் இல்லையாம்!

தலைக்கட்டு என்றால் ஊர் நோட்டில் பேர் ஏறிய குடும்பம். அந்தத் தலை ஆம்பளைத் தலையாக இருக்க வேண்டும். அப்பா கொளஞ்சி செத்த மறு மாதமே அவர் பேரை அடித்துவிட்டார்கள். அதிலிருந்து மாரியம்மன் வீதியுலா அவர்கள் வாசலில் நிற்பதில்லை. அப்பா போன பிறகு வந்த இரண்டு திருவிழாவிலும் அம்மா அஞ்சம்மாள் தேங்காய்த் தட்டோடு காத்து நின்றாள். அம்மன் தாண்டிப் போனதும் உள்ளே போய் அழுதாள்.

"நான் சாவறதுக்குள்ள ஆத்தா ஒரு வாட்டி நம்ம வாசல்ல நிக்கணும்டி" என்று போனில் சொன்னாள். அதற்காகத்தான் இளமதி லீவு போட்டுவிட்டு வந்தாள். வீதியுலாவுக்கு முந்தின நாள் கோயிலில் கூடிய ஊர்க் கூட்டத்தில், அப்பா பேர் இருந்த இடத்தில் தன் பேரை எழுதச் சொல்லிக் கேட்டாள்.

ஊர்த் தலைவர் ஞானசேகரன் அவளுக்குப் பெரியப்பா முறை. அவர் மகன் ராஜ்கமல் வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து அடைபட்டுக் கிடந்தபோது, மீட்டு அனுப்பியவள் இவள்தான்.

"கண்ணு, நீ இல்லன்னா எம்புள்ள இல்ல" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டின் ஈரம் காயவில்லை, அதற்குள், "ஆனா பொம்பள பேர எப்பிடி எழுதறது? ஊரு சிரிக்காதா?" என்றார்.

எல்லைச் சண்டை போட்ட இரண்டு நாட்டுக்காரர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசியவள் இளமதி. மாரியம்மன் கோயில் கூட்டத்தில் அவள் பருப்பு வேகவில்லை.

கடைசியில் நோட்டு எழுதுகிறவர் கேட்டார்: "மாப்ள பேரு இன்னா?"

"ராபர்ட்."

ராபர்ட் தில்லியில் வாத்தியார். இந்த ஊர் மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. வேற்று மதம் என்று சொல்லி, அந்தக் கல்யாணத்துக்கு இங்கிருந்து ஒரு ஈ காக்கா போகவில்லை.

"எழுதுய்யா!" என்றார் ஞானசேகரன்.

"வேற மதமாச்சே மாமா?"

"அதனால இன்னா? ஆம்பளதான?"

அப்பாடா என்று எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். இளமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். சிரித்த முகத்தோடு கேவலத்தை விழுங்குவதற்கு அரசாங்கமே அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேளம் தெருவுக்குள் வந்தது. ராஜ்கமல் மைக்கில் கத்தினான்: "அடுத்து, ராபர்ட் வீடு!"

அம்மன் நின்றது. ராபர்ட் அந்நேரம் தில்லியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

பூசாரி தட்டை வாங்கினார். "யார் பேருக்கு அர்ச்சனை? ராபர்ட் ஐயா நட்சத்திரம் இன்னா?"

இளமதி வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"ஆத்தா பேருக்கே பண்ணுய்யா! அவளுந்தான் ஆம்பளத் தொணை இல்லாம ஒத்தையில வந்து நிக்கறா. மொதல்ல அவள ஊர உட்டு அனுப்புங்க. அப்பறமா எம்மவ பேர எழுதக் கூடாதுன்னு சொல்லுங்க."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பூசாரி அம்மன் பேருக்கே அர்ச்சனை செய்தார். ஞானசேகரன் மகனிடம் மைக்கை அணைக்கச் சொன்னார்.