மருந்து வேணாம்னு சொன்ன ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் போயிட்டாரு. நேத்து மலையில வேலை செய்யும்போதே நெஞ்சுவலி... கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்.

அவரு ஊரு நைனார்பாளையம் போய் மாலை போட்டுட்டு இப்பத்தான் வந்தேன். உடம்பு அசதியா இல்ல. வேற என்னவோ அசதி.

பழைய ஃப்ரெண்ட்ஸுக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன்... சின்னசேலம் பக்கம் ஓர் உரக்கடையில வேலை பார்த்தவரு. விவசாயிங்க நோய் புடிச்ச இலையக் கிள்ளிக்கினு வருவாங்க. இவரு பார்த்து இன்ன மருந்துன்னு சொல்லுவாரு.

ஐம்பது வயசுல எனக்கு மாடித்தோட்ட ஆசை வந்துச்சு. ஆறு பெயிண்ட் பக்கெட், ஆறு தக்காளிச் செடி. செடி வளர்ந்ததைவிட என் பேச்சு வேகமா வளர்ந்துச்சு.

இலை மஞ்சளாச்சு. நானும் ஒண்ணைக் கிள்ளி ஸ்கூட்டி டிக்கியில போட்டுக்கினு, நல்ல வெயில்ல கடைக்குப் போனேன். பத்து விவசாயிங்க நிக்கிறாங்க. அண்ணன் என் இலைய விரல்ல தூக்கிப் பார்த்தாரு.

"இது நோயில்ல சார். வெந்துபோச்சு. எதுல எட்டாந்தீங்க?"

மறுநாள் பக்கெட்டோட செடியையே காலுக்கு நடுவுல வச்சிக்கினு போனேன். வழியில சிரிக்காதவங்க கம்மி.

அவரு மண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு, வூட்ல எத்தினி பேரு தண்ணி ஊத்துறீங்கன்னு கேட்டாரு. கணக்குப் பார்த்தா மூணு பேரு. காலையில நான். மத்தியானம் இலை தொங்குதேன்னு என் வீட்டம்மா. சாயங்காலம், யாருமே ஊத்தலன்னு நெனச்சு மாமியார்.

"மத்தியானத்துல செடி கொஞ்சம் தொங்கத்தான் செய்யும். நீங்க தொங்க மாட்டீங்களா? மருந்தெல்லாம் வேணாம் சார். செடிக்கு ஒண்ணும் இல்ல, வூட்ல ஆளு ஜாஸ்தி. போங்க."

இதை நான் சும்மா விடுவேனா? அன்னிக்கே பதிவு போட்டேன். மருந்துக் கடையில நின்னுக்கினு மருந்து வேணாம்னு சொல்ற மனுஷன்னு. அவரு போட்டோவோட, கடை போர்டு தெரியிற மாதிரி.

என் வாழ்க்கையிலயே அவ்ளோ லைக் வந்த பதிவு அதுதான்.

ஷேர் ஆகி ஆகி முதலாளி ஃபோனுக்கே போயிடுச்சு. ஜனங்களும் கடைக்கு வந்து, "மருந்து வேணாம்னு சொல்லுவாரே, அவரு யாரு?"ன்னு கேட்டு, இலையக் காட்டிட்டு வெறுங்கையோட போயிருக்காங்க. முதலாளி பத்து நாள் பார்த்துட்டு, அண்ணனை இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாராம்.

இதெல்லாம் தெரியாம அடுத்த இலையோட போய் நிக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்துல வேற ஆளு. அவரு இலையப் பார்க்கவே இல்ல, மூணு பாட்டில் எடுத்து வச்சாரு. வாங்கிக்கினு வெளிய வந்தப்பத்தான் விஷயம் தெரிஞ்சுது. அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

மன்னிப்புக் கேக்கத்தான் போட்டேன்... சத்தியமா.

"அத வுடுங்க சார். செடி எப்பிடி கீது?"ன்னாரு.

நானும் விட்டுட்டேன். இலை சுருளுதுண்ணேன்னு ஆரம்பிச்சுட்டேன்.

பதிவை எடுத்துடலாம்னு அன்னிக்குப் போனேன். லைக் இன்னும் வந்துக்கினு இருந்துச்சு. எடுக்கல.

அப்புறம் அவரு கல்வராயன் மலையில மரவள்ளி புடுங்குற கூலி வேலைக்குப் போனாரு. மேல சிக்னல் கிடையாது. நான் அனுப்புற இலை போட்டோவுக்கெல்லாம் ரெண்டு நாள் கழிச்சு, பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாய்ஸ் மெசேஜ் போடுவாரு. மூச்சு வாங்கும். ஏறி இறங்குறாரு, அதான்னு நெனச்சேன்.

இலை சுருண்ட செடியப் புடுங்கிப் போட்டுடுங்க, வெள்ளை ஈ நோயை மத்ததுக்கும் கொண்டு போயிடும்னாரு. எனக்கு மனசு வரல. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். ஆறும் போச்சு. அதுக்கும் அவரு என்னைத் திட்டல.

இன்னிக்கு அவங்க வீட்டம்மா கிட்டப் போய் நின்னேன். நான் யாருன்னு சொன்னதும், "தெரியும், அந்த ஃபேஸ்புக் சார்தான"ன்னாங்க. அண்ணனைப் பத்தி நாலு வரி எழுதலாமாங்கன்னு கேட்டேன். இந்த முறையாவது கேட்டேன்.



"எழுதுங்க சார். கடை பேரை மட்டும் போட்டுடாதீங்க. எங்க பொண்ணு இப்ப அங்கதான் பில்லு போட்டுக்கினு கீது."

அதனால எந்தக் கடைன்னு யாரும் கேக்காதீங்க. தெரிஞ்சவங்க கமென்ட்ல சொல்லிடாதீங்க. இதை ஷேரும் பண்ணாதீங்க.

போய்ட்டு வாங்கண்ணே...