பெட்டியோடு கொடுத்த மருந்து

1. கத்தரிக்கோல்

மெடிக்கல் கடையில் சேர்ந்த முதல் நாள் முதலாளி என் டி.பார்ம் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். பிறகு ஒரு கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சுவத்துல இருக்கறது கவர்மென்ட்டுக்கு. கைல இருக்கறது நமக்கு" என்றார்.

ஊரில் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. எண்பதுகளில் முழு அட்டை மாத்திரை வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். வல்லம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர், "ரெண்டு வேளைக்குக் குடும்மா, பஸ்ஸு போயிடப் போவுது" என்பார். அட்டையை வெட்டுவேன். பழுப்புக் கவரில் போட்டு, மேலே பேனாவால் கோடு இழுப்பேன். காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. காலிப் பெட்டி மூலையிலிருந்த சாக்குக்குப் போகும். உள்ளே எட்டாக மடித்து வைத்திருக்கும் மெல்லிய காகிதத்தில் அலமாரிக் கண்ணாடியைத் துடைப்போம். பளபளவென்று வரும்.

ஆறு மாதத்தில் பார்க்காமலே வெட்டப் பழகிவிட்டேன். மருந்தின் பெயர் ஒரு துண்டோடு போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு போகும். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இதைப் படிக்கும் இளம் பார்மசிஸ்ட்டுகளே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. முகம்

நூர்ஜஹான் ஆசிரியப் பயிற்சி இரண்டாம் வருஷம். அவள் அண்ணன் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவள் முகத்தில் இருந்ததைப் பரு என்று சொன்னால் பருவுக்கே கூச்சமாக இருக்கும். தாடையிலும் கன்னத்திலும் கட்டி கட்டியாக, தொட்டால் வலிக்கிற, உடைந்தால் பள்ளம் விட்டுப் போகிற சீழ்க்கட்டிகள். இரண்டு வருஷமாக எங்கள் கடையிலேயே கந்தக சோப்பு, லோஷன், டெட்ராசைக்ளின் என்று எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டாள்.

பயிற்சிக்காக எங்கள் கடைக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போனாள். முதல் வாரமே ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டதாம்: "டீச்சர், உங்களுக்கு அம்ம போட்டுருக்குதா?"

கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வகுப்பு எடுத்த நாட்கள் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டுப் புதிதாக வந்த ஒரு கேப்ஸ்யூலை எழுதிக்கொடுத்தார். நம் கடைகளில் கிடைக்காது. சிங்கப்பூரிலிருந்த தாய்மாமன் சீட்டைக் காட்டி வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். நான்கு பெட்டி. பெட்டிக்கு முப்பது, நாளுக்கு ஒன்று.

அந்தப் பெட்டிகளோடு கடைக்கு வந்தவள் டாக்டரம்மாவின் கடிதத்தையும் நீட்டினாள். மருந்தைக் கடையில் வைத்துக்கொள்ளவும், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகே அடுத்த மாதத்துக்குக் கொடுக்கவும் என்று என்னைக் கேட்டுக்கொண்டு எழுதியிருந்தார்.

நயினார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கலா, பருவுக்கு ரத்தம் எடுத்துப் பாக்கணுமா? அப்படியாப்பட்ட மருந்து நமக்கு எதுக்கு? திருப்பிக் குடுத்துடு."

"நாம திருப்பிக் குடுத்தா அது வீட்ல எடுத்துத் தானே முழுங்கும், முதலாளி. அப்ப யாரு பாக்கறது?"

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அப்ப உன் பொறுப்பு" என்றார்.

3. மடித்த காகிதம்

நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வீட்டுக்குப் போவார். சமணர் வீட்டு வழக்கம் அது. அந்த ஒரு மணி நேரம் கடை என்னுடையது. கோட்டை இருக்கும் ராஜகிரிப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ஊரின் மேல் திருப்பி ஊதிக்கொண்டிருக்கும் நேரம். அன்றைக்கு முதல் தடவையாக மருந்துப் பெட்டிக்குள்ளிருந்த காகிதத்தைப் படிக்கப் பிரித்தேன். இரண்டு மாலை, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து.

ஒரு பக்கம் பலன். வேறு எதற்கும் அடங்காத கட்டிகள் இதற்கு அடங்கும், பலருக்குத் திரும்ப வருவதில்லை. இன்னொரு பக்கம் பட்டியல். உதடு வெடிக்கும், கண் காயும், மூக்கில் ரத்தம் கசியலாம், ஈரலைக் கவனிக்க வேண்டும், ரத்தத்தில் கொழுப்பு ஏறலாம், வெயில் ஆகாது, டெட்ராசைக்ளினோடு சேர்க்கக் கூடாது. கடைசியில் தடித்த எழுத்தில்: கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கலாம், சில நாள் சாப்பிட்டாலும் ஆபத்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது.

மறுநாள் நூர்ஜஹானை ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். எங்களிடமே வாங்கிய டெட்ராசைக்ளினை அன்றோடு நிறுத்தச் சொன்னேன். சாப்பாட்டோடு போடச் சொன்னேன். வெளியே போனால் குடை என்றேன். குழந்தை விஷயம் வந்ததும் அவள் முக்காட்டை வாய்க்குக் கொடுத்துச் சிரித்தாள்.

"எனக்கு நிக்காவே ஆவல. இதெல்லாம் எதுக்குக்கா சொல்றீங்க?"

"மூஞ்சி தெளிஞ்சா பொண்ணு கேட்டு வருவாங்க இல்ல. அப்ப ஞாபகம் இருக்கட்டும்."

பிறகு என் கை தன் வேலையைச் செய்தது. பெட்டியிலிருந்து அட்டைகளை உருவி, வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, மேலே ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். பெட்டியும் காகிதமும் என் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

4. ஆறு மாத்திரை

முதல் மாதம் முகம் இன்னும் மோசமானது. அப்படித்தான் ஆகும் என்று காகிதம் சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை, அவளையும் பயப்படவிடவில்லை. உதட்டுக்கு வாசலின். ரிப்போர்ட் சரியாக இருந்தது. இரண்டாம் மாதம் கட்டிகள் ஒவ்வொன்றாக உட்கார ஆரம்பித்தன. குடையைப் பிடித்துக்கொண்டு அவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். மழை இல்லாத ஊரில் குடையோடு போகிறவளைப் பஜாரே திரும்பிப் பார்த்தது.

அந்த இரண்டாம் மாதத்தில், இருபத்துநான்காம் நாளே அடுத்த மாத மாத்திரைக்கு வந்து நின்றாள்.

"இன்னும் ஆறு இருக்கணுமே, நூரு?"

"மச்சிக்கு நெத்தில நாலு பரு வந்திருந்துதுக்கா. அதான் தெனம் ஒண்ணு குடுத்தேன்."

மச்சி என்றால் அண்ணன் மனைவி ஜெரினா. கல்யாணமாகி எட்டு மாதம்.

நயினாரிடம் சொல்லிவிட்டுக் கல்லாவை விட்டு இறங்கினேன். மத்தியான வெயிலில் சைக்கிள் கடைச் சந்துக்கு நடந்த அந்தத் தூரத்தில் எனக்கு மாத்திரையின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. பழுப்புக் கவர்தான் கண்ணில் நின்றது. ஒரு கோடு போட்ட, வேறொன்றும் சொல்லாத கவர். நம் வீடுகளில் மருந்து ஒருத்தருக்கு என்று இருப்பதில்லை. ஒருத்தருக்குக் கேட்டது எல்லாருக்கும் கேட்கும் என்று பொதுவில் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பெயரில்லாமல் வெட்டிக் கொடுத்தேன்.

ஜெரினா முறத்தில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, கடைய விட்டுட்டு எங்க வீடு வரைக்கும்?"

"அந்த மாத்திரைய இனிமே தொடாத. கடைசியா எப்ப சாப்ட்ட?"

"நேத்து. ஏன்?"

"இந்த மாசம் உனக்கு எப்ப குளிக்கணும்?"

"நாளான்னிக்கு" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கை நின்றுவிட்டது.

சொன்னேன். மறைக்காமல், பெரிதாக்காமல், காகிதத்தில் இருந்தபடியே சொன்னேன். அவள் அழவில்லை. முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"கவர்ல ஒரு கோடுதானே போட்டிருந்தீங்க. ஆவாதுன்னு எழுதலியே."

"ஆமா. என் தப்புதான்."

"எட்டு மாசமா வரக் கூடாதுன்னு துஆ கேட்டுகிட்டு இருக்கேன். இப்ப வரணும்னு கேக்கணுமாக்கா?"

அந்தக் கேள்வியோடுதான் படியிறங்கினேன்.

கடைக்குத் திரும்பிப் பாண்டிச்சேரிக்கு டிரங்க் கால் போட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. "ஆறு நாள்தானேன்னு விட்டுடாதீங்க. ரெண்டு நாளுக்கு மேல தள்ளிப்போனா கூட்டிட்டு வாங்க, டெஸ்ட் பண்ணிடலாம். வந்துட்டாலும் குழந்தைக்கு ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்க" என்றார்.

குறித்த நாள் போனது. மறுநாளும் போனது. அதற்கும் மறுநாள், விடிந்தால் முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி போவது என்று பேசிவைத்திருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கடையில் இரண்டு மூன்று ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெரினா ஓரமாக வந்து நின்றாள். அவர்கள் போகும்வரை இருமல் மருந்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அக்கா, ஒரு பஞ்சு பாக்கெட்டு."

செய்தித்தாளில் சுற்றினேன். நூல் கட்ட மூன்று தடவை முயன்றும் முடிச்சு விழவில்லை. அவளே கையை நீட்டிக் கட்டினாள்.

"நாளைக்கு பஸ்ஸு வேணாம்க்கா" என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எட்டு மாதமும் அந்த முகத்தில் இருந்தது.

5. சாப்பாட்டு வேளை

"போதும். மீதிய இன்னிக்கே திருப்பிக் குடு" என்றார் நயினார்.

"தப்பு மருந்துல இல்ல, முதலாளி. நான் குடுத்த விதத்துல. இப்ப நிறுத்தினா அந்தப் பொண்ணு மறுபடியும் வீட்டுக்குள்ள போயிடும்."

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா?"

"ஆவாது. மாத்திரை கடைய விட்டு வெளிய போவாது."

டாக்டரம்மாவும் சரி என்றார். அன்றிலிருந்து மத்தியான மணி அடித்ததும் நூர்ஜஹான் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கடைக்கு வருவாள். உள்ளறையில் குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே டிபன் பாக்ஸைத் திறப்பாள். சாப்பாட்டு நடுவில் ஒரு கேப்ஸ்யூல், என் கண்ணெதிரே. நயினார் முதல் வாரம் முறைத்தார். இரண்டாம் வாரம் அவளுக்கென்று ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினார். "அது பெட்டிங்களுக்கு, சூட்டுல மருந்து கெடும்" என்று சொல்லிக்கொண்டார்.

நான்காவது பெட்டி தீர்ந்தபோது கட்டிகள் இல்லை. பள்ளங்கள் இருந்தன, இருக்கட்டும் என்றாள். பரீட்சைக்கு வேண்டிய நாட்கள் கணக்காகிவிட்டன. அதே பிள்ளை மறுபடியும் எழுந்து நின்றதாம். "டீச்சர், மழையே இல்லியே, கொட எதுக்கு?" அந்தக் கேள்வியை என்னிடம் சொல்லும்போது அவள் முக்காட்டை வாய்க்குக் கொடுக்காமல் சிரித்தாள்.

வலுவான மருந்தைக் கண்டு பயப்படாதீர்கள். அது தேவைப்படுகிறவர்கள் உங்கள் கடை வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் பலன் சாப்பிடுகிறவர் ஒருத்தருக்குத்தான், ஆபத்து வீடு முழுவதற்கும். மருந்தைக் கொடுக்கும்போது அந்த வீட்டையும் மனதில் வைத்துக்கொண்டு கொடுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஜெரினா சீட்டோடு வந்தாள். ஐந்து மாதம். இரும்புச்சத்து மாத்திரை, பத்து நாளைக்கு. சந்தோஷத்தில் அட்டையை எடுத்தேன். என் கை, கேட்காமலே, கத்தரிக்கோலுக்குப் போனது.

"வெட்டாதீங்கக்கா" என்றாள். "பெட்டியோட குடுங்க. உள்ள இருக்கற பேப்பர நூரு படிச்சு சொல்லுவா."

பெட்டியோடு கொடுத்தேன்.