முதல் அடைப்புக்குறியோடு நின்ற பட்டியல்

வெள்ளவத்தையில் ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் வேலை செய்தேன். டொக்டர்மார் தங்கள் குறிப்புகளில் அடைப்புக்குறிக்குள் எழுதும், நோயாளிக்கு ஒவ்வாத மருந்துகளைப் பிரித்தெடுக்கும் புரோகிராமை நான்தான் எழுதினேன். அடைப்புக்குறி திறந்ததிலிருந்து மூடும்வரை உள்ளதை எடுக்கும் ஒற்றை வரி ரெஜெக்ஸ், அதாவது எழுத்துக் கோலத்தைத் தேடும் சூத்திரம், அது.

"அடைப்புக்குறிக்குள்ள இன்னொண்டு வந்தா, இது முதல் மூடலோடயே நிண்டிடும். இலக்கண விதி எழுதி, ஒவ்வொரு அடைப்புக்குறியையும் அதன் சோடியோட சேர்த்து வாசிக்கிற ஒரு பார்சர் செய்வம்," என்றாள் கூட வேலை செய்த ஜெனிற்றா.

"உங்கட வகுப்பை வேற எங்கயாவது எடுங்கோ," என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

சில வாரங்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்து என் மேசையில் ஓங்கி அடித்தாள். அவளுடைய அப்பாவின் குறிப்பில் "ஒவ்வாதவை (பென்சிலின் (ஊசி), அஸ்பிரின்)" என்று இருந்தது. என் வரி "ஊசி"யோடு நின்றுவிட்டதால் எங்கள் திரையில் அஸ்பிரின் வரவில்லை. திரையை நம்பி அதைக் கொடுத்ததும் அவர் மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவாறு பிழைத்திருந்தார்.

"டொக்டர் எழுதின முறை பிழை," என்றேன். பொய்யென்று தெரிந்தேதான் சொன்னேன்.

"இல்லை அக்கா, பிழை எங்கட புரோகிராமில," என்றாள் ஜெனிற்றா.

"ஆர் எழுதினது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நாங்கள்தான்," என்றாள் ஜெனிற்றா.

காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளை வெறுத்தேன். பார்சரை அவளே எழுதி முடித்தாள். அப்போதும் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "நாங்கள்" என்று சொல்லாமல் அவள் என்னைக் கைநீட்டிக் காட்டியிருக்கலாம் என்பது அவள் வேலையை விட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்றுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.