நேசையன் உபதேசியார் நினைவாக ஓர் இறக்கை

ஆரியங்கோட்டில் ஜெயதாஸ் மாட்டிய அலுமினிய ஜன்னல் இல்லாத வீடு குறைவு. அவற்றில் பாதி ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் ஆடும். வீட்டுக்காரர் குறை சொன்னால் ஜெயதாஸ், "சாரமில்ல, மழை கழிஞ்சா சரியாவும்" என்பார். அலுமினியம் மழைக்கு ஊதாது என்பது இருவருக்கும் தெரியும். மழை கழியும், ஜன்னல் அப்படியே இருக்கும், வீட்டுக்காரருக்குப் பழகிவிடும்.

இப்படி ஊரைப் பழக்கிவைத்த மனிதர், வயது அறுபதை நெருங்கும்போது கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். வரைபடங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. இடம், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய புரைக் கொட்டகை. எங்கிருந்து பறக்கும் என்று கேட்டவர்களிடம், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் ஓடுபாதைக்காரரிடம் பேசிவைத்திருப்பதாகச் சொன்னார்.

தவறுகள் வரத்தான் செய்தன. துளை நகர்ந்துபோனால் பெரிய ரிவெட் அடித்தார். தகடு நசுங்கினால் கார் வொர்க்‌ஷாப்பிலிருந்து பள்ளம் நிரப்பும் பட்டி வாங்கி வந்து பூசினார். புண்ணைக் கழுவாமல் மேலே பஞ்சு ஒட்டுகிறவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஒட்டியதைத் தடவிப் பார்த்து, வழவழப்பாக இருப்பதாகச் சந்தோஷப்படுவார்கள்.

இடது இறக்கை முடிந்த அன்று அண்ணன் ஈசாக் போதகரை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பித்தளைத் தகடு. 'நேசையன் உபதேசியார் நினைவாக, மக்கள்' என்று பொறித்திருந்தது. அவர்களுடைய சபையில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பெஞ்சின் முதுகில் ஒரு பெயர், ஃபேனின் இதழில் ஒரு பெயர். குப்பைக்கூடைகூட ஒரு குடும்பத்தாரின் அன்பளிப்புதான். அப்பாவின் பெயர் வானத்தில் போக ஒரு வழி இருக்கும்போது ஈசாக் சும்மா இருப்பாரா?

யாராவது ஒரு தகட்டை நீட்டினால் ஜெயதாஸின் கை தானாக டிரில்லை எடுக்கும். இருப்பதிலேயே தடித்த, நேரான, பளபளப்பான இடத்தைப் பார்த்து நான்கு துளை போட்டு மாட்டினார். போதகர் பிரதிஷ்டை ஜெபம் செய்தார். எல்லோரும் டீயும் அச்சப்பமும் சாப்பிட்டுப் போனார்கள்.

பிற்பகலில் அடுத்த வேலைக்காக வரைபடத்தை விரித்தபோதுதான் பார்த்தார். தகடு மாட்டிய இடம் ஸ்பார். இறக்கையின் முதுகெலும்பு அது. பறக்கும்போது பாரம் முழுவதையும் தாங்குவது. அந்த இடத்தைச் சிவப்புக் கோடுகளால் அடைத்து, இங்கே எந்தத் துளையும் போடக் கூடாது என்று எழுதியிருந்தது.

விமானம் கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் கேட்டார். ஸ்பாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய் என்றார்கள். துளையைச் சற்றுச் சிறிதாக்கிச் சொல்லி மறுபடியும் கேட்டார். அதே பதில். ஒரே ஸ்கேனை நாலு டாக்டரிடம் காட்டி, அதில் ஒருவராவது மடையராக இருக்கக் கூடாதா என்று ஏங்கும் நோயாளியின் நிலைமை. கடைசியில் தாமே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தகட்டுக்கு மேலே இன்னொரு தடித்த பட்டையை வைத்து அடித்துவிடுவது.

கேள்விப்பட்ட ஈசாக் அன்று மாலையே வந்தார். "பட்டை வெச்சா அப்பாக்க பேரு மறைஞ்சு போவுமேடே."

"அப்போ கழற்றணும், அண்ணே. ஸ்பாரையே மாத்தணும் எண்ணாக்கும் சொல்லுகினும்."

"எலே, ஜெபம் பண்ணி வெச்ச பேரு. அதைப் பிடுங்கினா வெளங்குவியா? பட்டையில ஒரு ஜன்னல் வெட்டு. அது ஒனக்குத் தெரிஞ்ச வேலைதானே?"

ஜெயதாஸ் அதையும் யோசித்தார். ஜன்னல் வெட்டினால் அழகாகத்தான் இருக்கும். டீ கொண்டுவந்த மனைவி ரத்னபாய்க்கு அவர் முகத்தில் ஓடியது புரிந்துவிட்டது.

"பேரு உள்ள பத்திரமா இருக்கும், ஆளு வெளிய விழுவாரு" என்றாள். "சரி. முதல்ல பறக்கும்போ ரெண்டாவது சீட்டு யாருக்கு?"

"ஒனக்குத்தான், பின்ன யாருக்கு" என்றார் ஜெயதாஸ்.

"எனக்கு வேண்டாம். அண்ணன் இருக்கட்டும். அப்பாக்க பேருக்க அடுத்து மூத்த மகன் இருக்கதாக்கும் முறை."

ஈசாக் டீயைக் கீழே வைத்தார். "எனக்குப் பிரஷர் உண்டுமே, ரத்னபாய்."

"அரை மணிக்கூறுதான் அண்ணே. மாத்திரை போட்டுட்டு ஏறுங்க."

"அது ஒக்கும். ஆனா சுகரும் உண்டு. டாக்டர் உயரமா ஒண்ணும் போகாதேண்ணு சொல்லியிருக்காரு." அவர் எழுந்து வேட்டியை உதறினார். "மக்கா ஜெயதாஸே, நீ ஒரு காரியம் செய்யி. அப்பாக்க பேரு மதில்ல இருந்தாலும் போதுமாக்கும்."

அண்ணனின் விசுவாசம் எவ்வளவு உயரம் வரை போகும் என்று தெரிந்துகொண்ட ஜெயதாஸ், மறுநாள் தகட்டைக் கழற்றினார். பிறகு ஸ்பாரின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். ஸ்பாராக அடுக்கியிருந்த பட்டைகள் பிரிந்தன. உள்ளே, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில், டிரில் கக்கிய அலுமினியச் சுருள்கள் நசுங்கிக் கிடந்தன. துளைகளின் விளிம்பில் பிசிறு அப்படியே இருந்தது. இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று சரியாகத் தொட்டதேயில்லை. ரிவெட்டுகள் பல உள்ளுக்குள் வளைந்து படுத்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவும் வழவழப்பு.

ரத்னபாய் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் சொல்லி போட்ட ஓட்டை நாலு. மிச்சம் இதெல்லாம்?"

"எனக்குள்ளது."

பித்தளைத் தகடு வந்திராவிட்டால் இந்த இறக்கையோடுதான் அவளையும் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். அவர் ரம்பத்தை எடுத்து, பட்டைகளை மறுபடியும் உபயோகப்படுத்த முடியாதபடி ஒவ்வொன்றையும் நடுவில் அறுத்துப் போட்டார்.

பிறகு சுவரோரம் சாய்த்திருந்த வலது இறக்கையைத் தூக்கி வந்து மேசைமேல் கிடத்தினார். குறையே இல்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த இறக்கை அது.

"அதில பேரு ஒண்ணும் எழுதி வைக்கல்லியே" என்றாள் ரத்னபாய்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு, ஜெயதாஸ் முதல் ரிவெட்டின் தலையில் டிரில்லை வைத்தார்.