சூரியக் கலம்

கலம் என்ற சொல்லை நான் இப்போதெல்லாம் பாவிப்பதில்லை. புத்தகத்தில் மின்கலம் என்று இருந்தாலும் வகுப்பில் பற்றரி என்றுதான் சொல்வேன். தமிழ் படிப்பிக்கும் சக ஆசிரியை ஒருவர் இதைக் கேட்டு ஒருமுறை முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அந்தச் சொல்லால் நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

யுத்த காலத்தில் இலங்கைத்துறைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வீடு திருகோணமலை நகரத்தில். லோஞ்சில் கடலைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, இராணுவச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைக் கொட்டிக் காட்டி, அதற்கப்பால் கிடைத்ததில் ஏற வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் நடைதான். கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கினேன். மின்சாரக் கம்பி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் சாவடியைத் தாண்டி அளந்துதான் வரும். சமையல் முடிந்ததும் குப்பி விளக்கை ஊதி அணைத்துவிடுவார்கள்.

அந்த வருடம் பதினோராம் ஆண்டில் ஒன்பது பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சை வருகிறது. இரவு வகுப்பு வைத்தால் பிள்ளைகளை இங்கேயே விடுகிறோம், இல்லாவிட்டால் நகரத்தில் சொந்தக்காரர் வீடுகளில் விடப்போகிறோம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நகரத்தில் சொந்தக்காரர் இல்லாத ஒரு தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கருவாடு போட்டு விற்கிறவர். புருசன் இல்லை. அவருடைய மகள்தான் வகுப்பில் கணக்கில் முதல். கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார்.

"பகலில அவள் எனக்கு வேணும் ரீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்தாளெண்டால் மீன் வெட்டிக் காயப்போட ஒரு கை. பொழுதுபட்டால் உங்களுக்குத்தான். வெளிச்சம் மட்டும் நீங்கள் தாங்கோ."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மின்சாரம் இல்லாத பாடசாலைகளுக்குச் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்க உதவும் திட்டம் ஒன்று வந்திருந்தது. வெளிநாட்டு உதவி. தகடும் வயரும் பல்பும் பற்றரியும் அவர்கள் தருவார்கள். பொருத்துவது எங்கள் பொறுப்பு. குறித்த தவணைக்குள் விளக்கு எரிவதைப் படம் எடுத்து அனுப்பினால், ஊக்குவிப்பாக மேலும் இரண்டு தகடுகள். எங்கள் பாடசாலை அதிபருக்குப் பரீட்சையில் பாஸானது போல் சந்தோசம். அவர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாற இரண்டு வருடந்தான் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் பற்றரியில்தான். குண்டு செய்ய உதவும் என்று, சாவடிக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரி இருந்தது. டோர்ச் லைற் பற்றரிக்கே விசாரணை நடக்கும். ஊரில் இருந்த ஒரேயொரு உழவு இயந்திரத்தையும் பற்றரி இல்லாமல் நாலு பேர் தள்ளித்தான் கிளப்புவார்கள். தகடு பட்டியலில் இல்லை. அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பது பட்டியல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆக, பற்றரிக்கு மட்டும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

"பற்றரி எண்டு எழுதினால் கடிதத்தை வாசிக்கவே மாட்டினம், சேர்," என்றேன் அதிபரிடம். "புத்தகத்தில இருக்கிற மாதிரி எழுதுவம்."

"எழுதுங்கோ. உங்களுக்குத் தெரியாததே?"

எழுதினேன். சூரியக் கலங்கள் பொருத்திய தகடு, அதனுடன் இணைக்கும் சேமிப்புக் கலம் ஒன்று, பாடசாலைப் பாவனைக்கு. அழகான கையெழுத்து. பற்றரி என்ற சொல் மருந்துக்கும் இல்லை. அன்றைக்கு என் கெட்டித்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தகடு வந்தது. சாவடியில் அதைத் தட்டிப் பார்த்தார்கள், அதில் முகம் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். கூரையில் ஏற்றிக் கட்டினோம். வயர் இழுத்தோம். பற்றரிக்கான அனுமதி மட்டும் வரவில்லை. ஒரு மாதம் போனது. இன்னொரு மாதமும் போனது. அந்தத் தாய் சந்தைக்குப் போகிற வழியில் பாடசாலை வேலியில் நின்று கூரையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் "இந்தக் கிழமை வந்திடும்" என்பேன். எத்தனை கிழமைகள் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நகரத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் போய் நின்றேன். அங்கிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து துறைமுகப் பக்கம் உள்ள வேறொன்றுக்கு. எதற்காகத் துறைமுகம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கிற அளவுக்குத் தெம்பும் இல்லை. மத்தியானம் தாண்டி என்னைக் கதிரையில் இருக்கச் சொன்ன உத்தியோகத்தர், தமிழ் நன்றாகப் பேசுகிறவர், எங்கள் பாடசாலையின் கோப்பை விரித்தார்.

"எஞ்சின் எத்தனை குதிரைவலு, மிஸ்?"

"என்ன எஞ்சின்?"

"நீங்கள் கேட்ட கலத்துக்கு. அதை எழுதாமல் விட்டிருக்கிறீங்கள். வள்ளமோ, படகோ எண்டும் இல்லை."

கோப்பைத் திருப்பிக் காட்டி அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. என் கடிதத்தைச் சிங்களத்துக்கு மாற்றியவர் துறைமுகப் பட்டினத்துக்காரர். கலம் என்றால் அவருக்குக் கப்பல்தான். சேமிப்புக் கலம் என்பது சாமான் ஏற்றி வைக்கிற படகு என்று ஆகியிருந்தது. மீன்பிடிப் படகுக்கே பாஸ் கேட்கிற காலம். எங்கள் கோப்பு இரண்டு மாதமாகக் கடற்கரை அனுமதிகளுக்கு நடுவில் கிடந்திருக்கிறது.

"ஐயோ, இது பற்றரி," என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கோப்பை மூடிவிட்டார். "பற்றரிக்கு அனுமதி தர ஏலாது, மிஸ். முதலே பற்றரி எண்டு எழுதியிருந்தால் உங்களை இவ்வளவு அலைய விட்டிருக்க மாட்டம். அண்டைக்கே இல்லை எண்டு சொல்லியிருப்பம்." அதில் கோபமோ கிண்டலோ இல்லை. எனக்காக இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது லோஞ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நித்திரைதான் வந்தது.

படம் அனுப்ப வேண்டிய தவணை முடிய ஒரு கிழமை இருந்தது. பற்றரி இல்லாமலும் வெயில் இருக்கும்வரை பல்பு எரியும் என்று நான்தான் அதிபரிடம் வாய் தவறிச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அப்ப எரியிற நேரத்தில எடுப்பம்," என்றார். நல்ல மத்தியான வெயிலில் வகுப்பறைக் கதவுகளைச் சாத்தினோம். யன்னல்களுக்குச் சாக்கும் பனையோலைப் பாயும் கட்டினோம். ஒன்பது பிள்ளைகளும் வியர்த்துக் கொட்டிக்கொண்டு புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, படம் எடுக்கிற நேரத்திலும் உண்மையாகவே ஒரு கணக்கைச் செய்துகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் கமராவை நான்தான் பிடித்தேன்.

பாராட்டுக் கடிதம் வந்தது. எங்கள் படத்தை மற்றப் பாடசாலைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்போகிறார்களாம். கூடவே சொன்னபடி இரண்டு தகடுகள். அதே கிழமை துறைமுகக் கந்தோரிலிருந்தும் ஒரு கடிதம். மூடின கோப்பை யாரோ திறந்து கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பாடசாலைப் பாவனைக்குக் கலம் ஒன்று, எஞ்சின் இல்லாமல், அனுமதிக்கப்படுகிறது. சூரியன் மறைந்த பின் பாவிக்கக் கூடாது. அதிபர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குள் ஆறு பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கருவாட்டுக்காரத் தாய் அடுத்த நாள் காலையில் கந்தோர் அறைக்கு வந்தார். உள்ளே வராமல் கதவடியில் நின்றார்.

"படத்தில விளக்கு எரியுதெண்டு ஊரெல்லாம் கதை, ரீச்சர். மூண்டு தகடும் வந்திட்டுதாம். எப்ப எரியும்?"

பொய் சொல்ல எனக்கு இனித் தெம்பில்லை. "பகலில, அம்மா," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பகல் வெளிச்சம் மீன் காயப்போடுற எங்கட வாடியிலயும் இருக்குத்தானே, ரீச்சர்," என்றார். "மகளின்ர விடுகைப் பத்திரத்தை எழுதித் தாங்கோ."

அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். விலகுவதற்கான காரணம் என்று ஒரு கோடு இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நீங்களே எழுதுங்கோ, உங்களுக்குத்தானே நல்ல தமிழ் தெரியும் என்றார்.