முள் பூஜ்ஜியத்துலதான் நின்னுச்சு

இதைச் சபையில எழுந்து சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு தடவை மைக் கிட்ட வரைக்கும் வந்து, உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லிட்டு உக்காந்துட்டேன். சாட்சி சொல்ல வந்த இடத்துலயே பொய். இன்னிக்கு உக்கார மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் முடிக்கிற வரைக்கும் நடுவுல யாரும் ஸ்தோத்திரம் சொல்லாதீங்க. சொன்னா அழுதுடுவேன்.

என் பேர் மெர்சி. கோவில்பதாகைல இருக்கேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில வேலை. விமானம் ஓட்டுறவங்க மூஞ்சில மாட்டிக்கிற ஆக்சிஜன் மாஸ்க் எங்க கிட்ட வரும். கழுவி, ரப்பர் பார்த்து, வால்வு மாத்தி, காத்து கசியுதான்னு சோதிச்சு திருப்பி அனுப்புவோம். சோதிக்கிற பெஞ்சுல நான் பத்தொம்பது வருஷம். எனக்குன்னு ஒரு சின்ன முத்திரை உண்டு, பதினாலாம் நம்பர். சோதனை முடிஞ்சு எழுதுற பாரத்துல அதை நான் குத்திட்டேன்னா, அந்த மாஸ்க்கை நம்பி ஒருத்தர் மேல போவாங்க.

மேல போனதும் அந்த மாஸ்க் கசிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? வலிக்காது. மூச்சு முட்டாது. லேசா சிரிப்பு வரும், எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு தோணும், அப்படியே கண்ணு சொருகிடும். தனக்கு என்ன ஆகுதுன்னே தெரியாது. இதை எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிட்டாங்க.

எனக்கு வாய் ஜாஸ்தி, உங்க எல்லாருக்கும் தெரியும். வேலையில இன்னும் ஜாஸ்தி. கூட வேலை பார்க்கிற கலா ஒரு தடவை அழுத்தம் காட்டுற கேஜைக் குப்புற வச்சிட்டா. அவளை நான் கிழிச்ச கிழி அந்த ஷெட்ல இன்னும் யாருக்கும் மறக்கலை. பாவம், பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தா. எனக்கு அன்னிக்கு ஒரு பெருமை வேற.

இந்த கேஜைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், நடுவுல ஒரு முள், அவ்ளோதான். ஆனா அது சொல்றதுதான் எங்களுக்கு வேதம் மாதிரி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அது சரியாக் காட்டுதான்னு பார்க்க லேபுக்கு அனுப்புவோம். லேப்ல வந்தவுடனே கையை வச்சுத் திருத்திட மாட்டாங்க. எப்படி வந்துச்சோ அப்படியே முதல்ல அளந்து எழுதிப்பாங்க. அதுக்கு 'வந்தபடி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அப்புறம்தான் திருத்துவாங்க. ஏன்னா, வந்தபடி எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சாத்தானே அதை வச்சு இத்தனை நாள் சோதிச்சதெல்லாம் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும்?

போன நவம்பர்ல, செம மழை. ஒரு செவ்வாய்க்கிழமை. எல்லாரும் டீக்குப் போயிருந்தாங்க. என் முழங்கை பட்டு கேஜ் கீழ விழுந்துச்சு. சிமெண்ட் தரை. டொக்குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தேன், கண்ணாடி உடையலை. ஆனா முள் பூஜ்ஜியத்துக்கு மேல ஒரு கோடு தள்ளி நின்னுச்சு.

சிவப்பு அட்டை கட்டி ஓரமா வைக்கணும், இன்சார்ஜ் கிட்ட சொல்லணும். அதுதான் முறை. இன்னொரு கேஜ் லேபுக்குப் போயிருக்கு, வர வெள்ளிக்கிழமை ஆகும். வியாழக்கிழமை பதினொரு மாஸ்க் போயே ஆகணும், ஒரு விமானப் பயிற்சித் தளத்துல காத்துட்டிருக்காங்க. இதெல்லாம் சாக்கு. நிஜம் என்னன்னா, கலா டீ குடிச்சிட்டு திரும்பி வருவாளே, அவ மூஞ்சியை எப்படிப் பார்க்கிறதுன்னுதான் யோசிச்சேன்.

கேஜ்ல ஒரு சின்ன திருகு இருக்கும். திருப்பினேன். கால் சுத்து கூட இல்லை. முள் வந்து பூஜ்ஜியத்துல அழகா நின்னுடுச்சு. அடி வாங்கின கேஜ், திருகைத் திருப்பினா பூஜ்ஜியத்துல சரியா நிக்கும், அழுத்தம் ஏற ஏறப் பொய் சொல்லும். எனக்குத் தெரியாததா? தெரிஞ்சுதான் திருப்பினேன்.

அதே கேஜை வச்சு பதினொரு மாஸ்க்கையும் சோதிச்சேன். பதினொண்ணும் பாஸ். அப்பதான் எனக்கு உறைச்சுது. எப்பவுமே பதினொண்ணு வந்தா ஒண்ணு ரெண்டாவது கசியும். அந்தப் பதினொண்ணுல ஒண்ணு சின்ன சைஸ். அதோட பட்டைக் கொக்கில ஒரு நீளமான தலைமுடி சிக்கியிருந்துச்சு. பொம்பளைப் புள்ள. பயிற்சிக்கு வந்த புள்ளைன்னா என்ன வயசு இருக்கும், நீங்களே சொல்லுங்க. அந்த முடியை எடுத்து குப்பையில போடக்கூட எனக்குக் கை வரலை.

வியாழக்கிழமை காலையில பாரம் எழுதினேன். எந்த கேஜை வச்சு சோதிச்சோம்னு நம்பர் எழுத ஒரு கட்டம் வரும். அங்க வந்ததும் கை நின்னுடுச்சு. அப்புறம் எழுதிக்கலாம்னு மத்ததெல்லாம் எழுதி, முத்திரையைக் குத்தி, இன்சார்ஜ் ராகவன் சார் டேபிள்ல வச்சேன். அவரும் கையெழுத்துப் போட்டாரு. மத்தியானம் வேன் கிளம்பிடுச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சது நரகம். சோறு இறங்கலை. பட்டரவாக்கத்துல ரயில் ஏறினா, லேடீஸ் பெட்டில யாராவது சிரிச்சாக்கூட எனக்கு, மேல ஆகாசத்துல ஒரு பொண்ணு காரணமே இல்லாம சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். என்ன ஜெபம் பண்ணேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த கேஜ் சரியாவே இருந்திருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம்." இதையேதான் நூறு தடவை. வானம் பூட்டிக் கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமை இதே சபைல பாஸ்டர் என் தலைல கை வச்சு, "என்ன விஷயத்துக்கும்மா ஜெபிக்கணும்?"னு கேட்டாரு. முட்டி வலின்னு சொன்னேன். என் முட்டிக்காக அந்த மனுஷன் கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணாரு. அப்படியே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு. செத்துடலாம்னுகூட நினைச்சேன். மறைக்காம சொல்றேன், நினைச்சேன்.

என் வீட்டுக்காரர் தாமஸ் ஆட்டோ ஓட்டினவரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் குழறும். என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் இடது கையால ஸ்பூன் பிடிச்சு சாப்பிட்டுட்டிருந்தவரு, ஸ்பூனை வச்சிட்டாரு.

"இன்னாமே, நாலு நாளா ஊடே எழவு ஊடு மாதிரி கீது. இன்னா ஆச்சு?"

சொன்னேன். எல்லாத்தையும் கொட்டினேன்.

"கேஜு கீஜு எல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு அத்த மாட்டிக்கினு மேல போவும்ல?"

"போவும்."

"அப்ப போய் சொல்லு."

"வேலை போயிடும்யா. உன் மாத்திரைக்கு என்னய்யா பண்றது?"

"போனா போவுது. சோடிச்சு கீடிச்சு சொல்லாத. எப்டி கீதோ அப்டியே சொல்லு."

அவரு சாதாரணமா சொல்லிட்டு திரும்ப ஸ்பூனை எடுத்துட்டாரு. எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. எப்டி கீதோ அப்டியே. வந்தபடி. பத்தொம்பது வருஷமா அந்தக் கட்டத்தைப் பார்க்கிறேன். நாலு நாளா நான் ஆண்டவர்கிட்ட போனதெல்லாம் திருகைத் திருப்பி முள்ளை பூஜ்ஜியத்துல வச்சிட்டுப் போனதுதான். அவர் எதை அளப்பாரு?

சமையல்கட்டுத் தரையில விழுந்தேன். "ஆண்டவரே, கேஜ் கெட்டுப் போச்சு. நான்தான் கீழ போட்டேன். நான்தான் திருப்பினேன். கலாவுக்குப் பயந்து ஒரு புள்ளையோட உயிரை அனுப்பிட்டேன். அந்த மாஸ்க் அந்தப் புள்ள மூஞ்சில ஏறக்கூடாதுப்பா. என் வேலையை எடுத்துக்கோ, என் பேரை எடுத்துக்கோ. அவ மூச்சை விட்டுடு." இதுதான் அந்த வாரத்துல நான் பண்ண முதல் ஜெபம். உடனே சமாதானம் வந்துச்சுன்னு சொல்ல ஆசைதான். வரலை. விடியற வரைக்கும் நடுங்கிட்டுத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை காலைல ராகவன் சார் முன்னாடி நின்னு, எப்படி நடந்துச்சோ அப்படியே சொன்னேன். கத்துவாருன்னு நினைச்சேன். கத்தலை. "ஏம்மா மெர்சி, நீயா?"ன்னாரு. கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். அப்புறம், "ஸ்க்ரூவை வேற திருப்பிட்டியே, எவ்வளவு தப்புன்னு இப்ப எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"ன்னு தலைல கை வச்சுக்கிட்டு, அந்தத் தளத்துக்கு ஃபோன் போட்டாரு. ரிங் போகுது, போகுது, எடுக்கவே இல்லை. ரெண்டாவது தடவை எடுத்தாங்க.

"சார், நாங்க அனுப்பின பதினொரு மாஸ்க்... யாருக்காவது குடுத்துட்டீங்களா?" அந்தப் பக்கம் என்னமோ சொன்னாங்க. சாரோட மூஞ்சி மாறிச்சு. "ஓகோ. ஓகோ. சரிங்க சார்." ஃபோனை வச்சாரு.

"சனிக்கிழமையே நிறுத்தி வச்சிட்டாங்களாம். பாரத்துல கேஜ் நம்பர் எழுதலையாம். பதினொண்ணும் சிவப்பு அட்டையோட கூண்டுக்குள்ள பூட்டியிருக்கு. யாரும் தொடலை."

நான் தரையில உக்காந்துட்டேன். அந்தக் கட்டம். அப்புறம் எழுதலாம்னு விட்டு, சுத்தமா மறந்தே போன கட்டம். சார் பாரத்தோட நகலை எடுத்துப் பார்த்தாரு. அந்த இடம் காலி. கீழ அவரோட கையெழுத்து. ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்துட்டு, "நானும் பார்க்காமத்தான் போட்டிருக்கேன்"னு மெதுவா சொன்னாரு.

ஆண்டவர்கிட்ட நான் ஞாயித்துக்கிழமைதான் கேட்டேன். அவரு வியாழக்கிழமையே என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்காரு. தற்செயல்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். அது என் கை. அது எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்.

மாஸ்க் எல்லாம் திரும்பி வந்துச்சு. நல்ல கேஜை வச்சு கலா சோதிச்சா. மூணு கசிஞ்சுது. அதுல ஒண்ணு அந்தச் சின்ன சைஸ்.

என் முத்திரையை வாங்கிட்டாங்க. ரெண்டு வாரம் வீட்ல உக்கார வச்சாங்க. வேலையை விட்டுத் தூக்கலை, ஆனா பெஞ்ச் போச்சு. இப்ப மாஸ்க் கழுவுற பிரிவு. சோப்புத் தண்ணி, பிரஷ், நாள் பூரா நின்னுட்டே வேலை. பதினாலாம் நம்பரை இனிமே எனக்குத் தர மாட்டாங்க, கேக்கவும் மாட்டேன். கலா என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. அதுதான் இன்னும் வலிக்குது. அவகிட்ட போய் அந்தப் பழைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா, டீ ஆறிடும்"னா. பயமும் முழுசாப் போகலை. எங்கயாவது டொக்குன்னு சத்தம் கேட்டா இப்பவும் உடம்பு தூக்கிப் போடுது.

போன மாசம் கழுவ வந்த கூடையில அந்தச் சின்ன மாஸ்க் இருந்துச்சு. அதே நம்பர். பட்டைக் கொக்கில மறுபடியும் ஒரு நீள முடி. உள்ள தொட்டுப் பார்த்தேன். வேர்வைப் பிசுபிசுப்பு, லேசா பவுடர் வாசம். அவ இதுக்குள்ள மூச்சு விட்டிருக்கா. மேல போயிருக்கா, இறங்கி வந்திருக்கா. தொட்டியோரம் நின்னு ஓன்னு அழுதேன். அப்புறம் கழுவினேன். என் புள்ளைக்கு மூஞ்சி கழுவி விடுற மாதிரி கழுவினேன்.

இங்க உக்காந்திருக்கவங்கள்ல யாரோ ஒருத்தர் திருகைத் திருப்பி வச்சிட்டு வந்திருக்கீங்க. எனக்குத் தெரியும், நானும் அந்த வரிசைலதான் உக்காந்திருந்தேன். முள் எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும். அதுல கை வைக்காதீங்க. வந்தபடி அவர் முன்னாடி வைங்க. அவர் முதல்ல அளப்பாரு, அது வலிக்கும். அப்புறம் திருத்துவாரு.

பாஸ்டர், அன்னிக்கு எனக்கு முட்டி வலி இல்லை.

நான் முடிச்சிட்டேன். இப்ப சொல்லுங்க ஸ்தோத்திரம்.